வீட்டு சாம்பிள்

சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்து, அம்மா அந்தக் கைச்சுற்று இயந்திரத்தைக் கொண்டுவந்து மேசை விளிம்பில் திருகினாள். அவள் வேலை பார்க்கும் லேப்பில் கழித்துப் போட்ட பழைய சாமான். நான்கு கண்ணாடிக் குழாய்கள் மாட்டலாம். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் ரத்தத்தின் சிவப்பு அடியில் படிந்து, வைக்கோல் நிற நீர் மேலே தெளியும். அதற்கு சீரம் என்று பெயர். பரிசோதனைக்கு வேண்டியது அதுதான்.

அம்மா தன் கையில் தானே ஊசி போட்டுக்கொள்வாள். ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துக் கட்டி, மறுகையால் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அன்று பல்லில் பிடி நிற்கவில்லை.

"வந்து பிடிடி," என்றாள்.

மகள் பட்டையைப் பிடித்தாள். ரத்தம் உறையும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு மகள் கைப்பிடியைச் சுற்றினாள்.

"எண்ணிச் சுத்து. திடீர்னு நிறுத்தினா கலங்கிடும். அப்புறம் டவுன் லேப்காரன் சாம்பிளே சரியில்லன்னு பழிய என் தலைல கட்டுவான்."

"சுத்தறேன்மா. வாயை மூடிட்டு உக்காரு."

அப்பா செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "கடிகாரத்துக்கே செகண்ட் ஒப்பீனியன் கேக்கறவ. கிட்னிய விட்டுடுவாளா?"

"அந்தக் கடிகாரம் நாலு நிமிஷம் ஸ்லோதான். நான் சொன்னப்ப நம்பல. பஸ்ஸை விட்டீங்க."

இரண்டு நாள் முன்னால்தான் பெரிய மருத்துவமனையில் அம்மாவின் ரத்தத்தைப் பார்த்திருந்தார்கள். கால் வீங்குகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அப்பா இழுத்துக்கொண்டு போனார். கிரியாட்டினின் 4.6 என்று வந்தது. உடம்பின் தசைகள் தினமும் தள்ளும் ஒரு கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும். சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் அந்த எண் ஏறும். அம்மாவின் வயதுப் பெண்ணுக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். டாக்டர் உடனே வந்து படுக்கச் சொன்னார். அம்மா அவர் முகத்தையே பார்த்துவிட்டு, "உங்க லேப்ல கடைசியா மெஷினை எப்ப சரிபார்த்தாங்க?" என்று கேட்டாள்.

டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இன்னும் இரண்டு லேப் சொல்லட்டும், திங்கட்கிழமை வந்து படுக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

சுற்றி முடித்ததும் சீரத்தை இரண்டு சிறு குழாய்களில் பிரித்தார்கள். முதல் குழாய் டவுனில் இருந்த வேறொரு லேப்புக்கு. அதற்கு மகள் லேபிள் எழுதினாள். இரண்டாவதற்குக் கை நீட்டியபோது அம்மா தட்டிவிட்டாள்.

"இதை நான் எழுதிக்கிறேன். இது என் மெஷின்ல, என் கையால போடறது. திங்கக்கிழமை போறேன்."

எழுதி, ஒட்டி, ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால் அவளே கொண்டுபோய் வைத்தாள். டவுன் லேப்பின் முடிவு மாலையே போனில் வந்தது: 4.7. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே கம்பெனி மெஷின் வெச்சிருப்பாங்க," என்றாள்.

ஞாயிறு காலை, வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. சிறுநீரகம் கைவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடுவது உண்டாம். மருத்துவமனையில் அப்படித்தான் சொன்னார்கள். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்ததை அந்த டாக்டர் முதல் நாளே பார்த்திருந்தார். மகளிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தை மனதில் முள்ளாகத் தைத்தது.

"இது நேத்து இன்னிக்கு வந்தது இல்ல. பல வருஷமா நடந்திருக்கு. லேப்ல வேலை பார்த்தவங்க. எப்படித் தெரியாம போச்சு?"

*

எப்படித் தெரியாமல் போயிற்று? முப்பத்தொரு வருடம் ஒரே லேப்பில் அடுத்தவர் ரத்தத்தைச் சோதித்தவள் அம்மா. அங்கே அவளுக்குப் பெயர் போலீஸ் அக்கா. புட்டியில் ஒட்டிய தேதியை நம்பமாட்டாள், மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். ஃப்ரிட்ஜின் கதவில் ஒளிரும் வெப்பநிலையை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிடுவாள். வீட்டில் காய்ச்சல் பார்க்க மூன்று தெர்மாமீட்டர்கள். மகளுக்கு உடம்பு சுட்டால் மூன்றையும் வரிசையாக வைப்பாள். இரண்டாவது ஒத்துப்போனால்தான் பள்ளிக்கு லீவு.

அந்த மகள் பெரியவளாகி, ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கிற வேலையில் சேர்ந்தபோது உறவில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. "போலீஸ் வீட்டுல இன்னொரு போலீஸ்," என்றார் அப்பா.

அம்மாவின் லேப்பை நடத்துகிற லேப்காரர்மேல் மகளுக்குச் சந்தேகம் விழக் காரணமாக இருந்தவர் ஓட்டுநர் பள்ளி நடத்தும் மாமா. உறவில்லை, தெருவே அவரை மாமா என்று கூப்பிடும். பத்து வருடங்களாகச் சிறுநீரகக் கோளாறுடன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த லேப்பில் ரத்தம் கொடுக்கிறவர். துக்கம் கேட்க வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கார் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்கம்மா இல்லன்னா நான் என்னிக்கோ போயிருப்பேன்மா," என்றார்.

ஏழு வருடம் முன்னால் ஒருநாள் அவருடைய எண் 1.9இலிருந்து 1.7க்கு இறங்கியது. யாரோ கொடுத்த ஒரு பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொடி வேலை செய்கிறது என்று மகிழ்ச்சி தாங்காமல் லேப்புக்கு இனிப்புப் பெட்டியோடு போய் நின்றார். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தப் போவதாகவும் சொன்னார்.

"அக்கா பெட்டியைத் தொடவே இல்ல. 'சார், உங்க கிட்னி இருந்த இடத்துலதான் இருக்கு. எங்க அளவுகோல் நகர்ந்திருக்கு. டேப்பை மாத்தினா ஆளு குட்டையாயிடுவானா?'ன்னாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. 'அப்ப இத்தனை நாள் தப்பா சொன்னீங்களா?'ன்னு கேட்டேன். 'ஆமா, எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பா சொன்னோம். பழைய ரிப்போர்ட் எல்லாத்துலயும் 0.2 கழிச்சுக்கோங்க, அப்புறம் பாருங்க குறைஞ்சிருக்கான்னு'ன்னாங்க. கழிச்சேன். ஒண்ணும் குறையல. பொடியத் தூக்கிப் போட்டுட்டு மாத்திரைய முழுங்கினேன்."

அந்தச் சமயத்தில் நடந்தது மகளுக்கும் ஓரளவு தெரியும். அதுவரை ஒரே ரத்தத்தை நான்கு லேப்பில் கொடுத்தால் நான்கு எண் வரும். மெஷினுக்கு அளவு கற்றுக்கொடுக்க ஸ்டாண்டர்ட் என்ற திரவத்தை ஓட்டுவார்கள், ஒவ்வொரு கம்பெனியின் ஸ்டாண்டர்டும் ஒவ்வொரு விதம். எல்லாவற்றையும் ஒரே மூல அளவோடு பொருத்துவது என்று முடிவானது. இந்த லேப்புக்கும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: இதுவரை எங்கள் ஸ்டாண்டர்ட் சுமார் 0.2 கூட்டிக் காட்டியது, புதிய புட்டியில் சரிசெய்திருக்கிறோம், பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் அப்படியே ஒப்பிட வேண்டாம். அம்மா அதைச் சீட்டுச் சீட்டாக எழுதி ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் குத்தி அனுப்பினாளாம்.

மாமா போனபிறகுதான் மகளுக்கு அது உறைத்தது. அடுத்தவர் சிறுநீரகத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவள் தன்னுடையதைக் கோட்டைவிட்டிருப்பாளா? லேப் ஊழியர்களுக்கு வருடா வருடம் உடல் பரிசோதனை கட்டாயம். அதில் வந்திருக்க வேண்டுமே. வந்திருந்தால் யாரோ மறைத்திருக்க வேண்டும். அனுபவமுள்ள ஆள் வேலையை விட்டுப் போய்விடக் கூடாது என்று லேப்காரர் மறைத்தாரா? மூன்று வாரம் அந்தக் கேள்வி அவளோடு சாப்பிட்டது, தூங்கியது. அப்பாவிடம் சொல்லவில்லை.

*

லேப் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. குறுகிய படி, செருப்பு அடுக்கும் இரும்புத் தட்டு, ஸ்பிரிட் வாசனை. உள்ளே ஜன்னலோரம் மெஷின். அதன்முன் அம்மாவின் ஸ்டூல், மேலே பாண்டேஜ் துணியால் கட்டிய தலையணை. யாரும் அதை எடுக்கவில்லை.

லேப்காரர் அம்மாவைவிட வயதில் இளையவர். அம்மாவின் சாமான்களை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். சாப்பாட்டு டப்பா, குடை, கண்ணாடிக்கூடு. மகள் பையைத் தொடவில்லை.

"ஊழியர்களோட ஹெல்த் ஃபைல் பாக்கணும் சார்."

"எதுக்கும்மா?"

"சும்மா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்து வந்தார். மகள் புரட்டினாள். கிரியாட்டினின் கட்டத்தில் அம்மாவுக்கு 0.9. அடுத்த வருடம் 0.9. அதற்கடுத்த வருடமும். ஏழு வருடம் ஒரே எண்.

அவள் வேலையில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அளந்தால் எண் கொஞ்சமாவது ஆடும். ஆடாத எண்ணை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

"சார், ஒரு தடவைகூட 0.8 இல்ல. 1.0 இல்ல. எங்க ஃபேக்டரில ஒரு மீட்டருக்கு இப்படி ரிப்போர்ட் வந்தா, ஆளைப் புடிச்சு உக்கார வெச்சுக் கேப்பேன்."

"என்னை உக்கார வெச்சாச்சு. கேளு."

"யாரு எழுதினது?"

லேப்காரர் ஃபைலை அவள் பக்கமாகத் திருப்பி, ஒரு ஒன்பதின்மேல் விரலை வைத்தார். "இந்த ஒன்பதைப் பாரு. வால் நேரா கீழ போய் கோட்டைத் தாண்டி நிக்குது. உங்க வீட்டு மளிகை லிஸ்ட்ல பார்த்திருப்பியே."

பார்த்திருந்தாள். அம்மாவின் எழுத்து.

"நான் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன்மா. அக்கா, உங்களுக்கும் ஒரு தடவை எடுங்கன்னு. 'எனக்கு எதுக்கு சார், மெஷின்ல ஊத்தற மருந்துதான் வீணாகும். வருஷக்கணக்கா மாசா மாசம் பார்த்த நம்பரு. எனக்குத் தெரியாதா?'ன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. இல்லன்னு சொல்லல."

"மாசா மாசம்னா?"

"உனக்குத் தெரியாதா?"

மெஷினுக்குக் கீழே இருந்த இழுப்பறையை இழுத்தார். பழுப்பேறிய அட்டைகள் சில, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன. மேல் அட்டையில் நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் அம்மாவின் கையெழுத்தில் 'வீட்டு சாம்பிள்' என்று இருந்தது.

"ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் இந்த மெஷின்ல முதல்ல ஓடறது அவங்க ரத்தம்தான். மெஷினைச் சோதிக்க கம்பெனி ஒரு திரவம் குடுப்பான், அதை நம்ப மாட்டாங்க. 'தராசு விக்கறவன் கிட்டயே எடைக்கல்லும் வாங்கச் சொல்றீங்களா?'ன்னு கேப்பாங்க. 'என் ரத்தம் 0.9. அது மாறாது. மாறினா மெஷின் கோளாறு.' இதான் அவங்க சட்டம். பதினஞ்சு வருஷம் இப்படித்தான் ஓடுச்சு."

"அப்புறம்?"

"அந்த லெட்டர் வந்துச்சு. அதுக்கப்புறம் வெளியிலிருந்து சோதனை சாம்பிள் வர ஆரம்பிச்சுது. நம்ம ரிசல்ட் எல்லா ஊர் லேப்போடயும் ஒத்துப்போச்சு. அன்னிக்குத்தான் அக்கா மெஷினை நம்பினாங்க. கையில குத்தறதை விட்டாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சும்மா."

*

மகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். மருந்துக் கடை வாசலில் ஒரு பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.

முதல் பல வருடங்கள் 0.9, நடுநடுவே ஒரு 0.8. ஆடியது. உண்மையாகவே அளந்த எண்கள். பிறகு ஒரு 1.0. ஓரத்தில் குறிப்பு: 'மெஷின் கூட்டிக் காட்டுகிறது. சர்வீஸ்காரரிடம் சொன்னேன்.' அடுத்தடுத்து 1.0. 'மறுபடி சொன்னேன். சரியாக இருக்கிறது என்கிறான். பொய்.' பிறகு 1.1. 'மூன்றாவது முறை.' இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் சிவப்பு மையில் ஒரு கோடு, அதன்மேல் மடித்துக் குத்திய கம்பெனிக் கடிதம். கோட்டுக்குக் கீழே புதிய ஸ்டாண்டர்டில் ஓட்டிய முதல் எண்: 0.9. பக்கத்தில் இரண்டு அடிக்கோடு போட்டு, 'சொன்னேன் இல்லையா!'

அதற்குக் கீழே அட்டை வெறுமையாக இருந்தது.

மகள் கடிதத்தை நிமிர்த்திப் படித்தாள். 0.2 கூடுதல் என்றுதான் இருந்தது. என்றிலிருந்து என்றும் இருந்தது. அந்த ஸ்டாண்டர்ட் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. அதாவது அட்டையின் முதல் வரியிலிருந்து.

தன் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 0.2 கழித்து எழுதிக்கொண்டு வந்தாள். 0.7. 0.7. 0.6. 0.7. பக்கம் பக்கமாக 0.7. பிறகு 0.8, 0.8. கோட்டுக்கு மேல் கடைசி வரி, 0.9. கோட்டுக்குக் கீழே, 0.9.

மெஷினில் பிழை இருந்தது, ஆனால் அது ஆடாமல் அசையாமல் முதல் நாளிலிருந்து அதே அளவில் இருந்த பிழை. அந்த இரண்டு வருடத்தில் ஏறியது மெஷின் அல்ல. 0.7இலிருந்து 0.9க்கு ஏறியது அம்மா. பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம். வடிகட்டும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்கு அப்போதே போயிருந்தது.

ஓட்டுநர் பள்ளி மாமாவிடம் இதைத்தான் அம்மா சொல்லியிருக்கிறாள். பழைய எண் எல்லாவற்றிலும் கழியுங்கள், அப்புறம் பாருங்கள் என்று. அதே வாரத்தில், அதே ஸ்டூலில் உட்கார்ந்து. தன் அட்டையில் மட்டும் கடைசியாக வந்த 1.1இல் கழித்துப் பார்த்துவிட்டு, பழைய 0.9களை அப்படியே விட்டுவிட்டாள். அவளுக்கு அந்த அட்டை ஒரு நோயாளியின் அட்டையாகத் தெரியவே இல்லை. மாமாவுக்கு கிட்னி இருந்தது. அம்மாவிடம் எடைக்கல் இருந்தது.

மகளுக்கு ஒரு போன் நினைவுக்கு வந்தது. அவள் தொழிற்சாலையில், கையில் ஸ்பேனரோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு காலை.

"புடிச்சிட்டேன்டி! ரெண்டு வருஷமா மெஷின் பொய் சொல்லிட்டிருந்துச்சு. கம்பெனிக்காரனே எழுத்துல ஒத்துக்கிட்டான்."

"போலீஸ் அக்கா ஜெயிச்சுட்டீங்க. வெச்சுடவா? ஆள் நிக்கறாங்க."

"வை, வை."

எந்தக் கருவி பிழை காட்டினாலும் மகள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எப்போதிலிருந்து? புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்வாள். அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா ஒரு நொடி யோசித்திருப்பாள். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும்.

லேப்காரர் படியிறங்கி வந்து பெஞ்ச் பக்கம் நின்றார். அவள் மறந்துவிட்டு வந்த அம்மாவின் பையை நீட்டினார்.

"என்மேல சந்தேகப்பட்டுத்தானே வந்த?"

"ஆமா சார்."

"படணும்," என்றார். "அக்கா பொண்ணு." பையை பெஞ்சில் வைத்துவிட்டு மேலே போனார்.

*

வீட்டில் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதன் கீழே உட்கார்ந்திருந்தார். மகள் நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். மூன்று வாரமாக யாரும் ஐஸ் எடுக்கவில்லை. தட்டு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி முனையால் நெம்பினாள்.

"என்ன குடையற?" என்று அப்பா கேட்டார்.

"அம்மா வெச்ச குழாய்."

"அதுவா. திங்கக்கிழமை போகணும்னு செருப்பைக்கூடத் துடைச்சு வெச்சா. அது சரியா இருக்கான்னு மாட்டிப் பாக்கத்தான் குனிஞ்சா." கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, "செருப்பையும் நம்பல," என்றார்.

தட்டு பெயர்ந்து வந்தது. பின்னால் குழாய் நின்றிருந்தது. லேபிள்மேல் பனி மூடியிருந்தது. மகள் கட்டைவிரலால் தேய்த்தாள். வீட்டு சாம்பிள் என்று இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

இல்லை. நோயாளி என்ற இடத்தில் அம்மா தன் முழுப்பெயரை எழுதியிருந்தாள், லேப்புக்கு வருகிற யாருக்கும் எழுதுவதுபோல, நிறுத்தி நிதானமாக. வயது 57. பெண். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'பழைய அட்டையோடு ஒப்பிடவும். எல்லாவற்றிலும் 0.2 கழிக்கவும்.'

கடைசியில், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நேரம்: திங்கள், காலை பத்து மணிக்குள்.